நாம் பேசும் ஆங்கிலம் மற்றவருக்கு விளங்க வேண்டும்

இந்த இதழின் ஆங்கிலப் பாடத்தில் இலக்கணம் இல்லை. வாயைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் காதைப் பற்றியும்தான் பேசப் போகிறோம். அதற்குக் காரணமான ஒரு சம்பவத்தை முதலில் சொல்லி விடுகிறோம்.

எங்கள் மாலை வகுப்புக்கு ஒரு தங்கச்சி வருகிறார். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பாவுக்கு இஸ்டோரில் வேலை. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலப் பாடத்தில் நல்ல சித்தி. டவுனில் உள்ள ஒரு ஹோட்டலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்முகப் பரீட்சைக்குப் போனார். அன்று மாலையே வகுப்பு வாசலில் வந்து நின்று அழுதார்.

"சேர், எனக்கு இங்கிலீஸ் வராது சேர். எல்லாம் பாடமாக்கிட்டுத்தான் போனேன். அந்தம்மா மூணு தடவ 'பார்டன், பார்டன்'னு கேட்டாங்க. அப்புறம் எனக்கு வாயே வரல" என்றார்.

அங்கே சொன்னதை எங்களுக்கு முன்னால் சொல்லச் சொன்னோம். சொன்னார். அதையே எழுதவும் சொன்னோம். எழுத்தில் ஒரு பிழை கூட இல்லை. ஆனால் வாயால் சொல்லும்போது முழுவதையும் ஒரே மூச்சில், ஒரே கனத்தில், ஒப்புவிப்பது போலச் சொன்னார். சொல்லின் முடிவு எங்கே, வசனத்தின் முடிவு எங்கே என்று கேட்பவருக்குப் பிடிபடவில்லை. அப்போதுதான் எங்களுக்குச் சுட்டது. குற்றம் அந்தப் பிள்ளையிடம் இல்லை. எழுதப் பழக்கிய நாங்கள் பேசப் பழக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தப் பாடம்.

துரை மாதிரிப் பேசத் தேவையில்லை

முதலில் ஒரு பயத்தை எடுத்து வைப்போம். "நாம எவ்வளவு பேசினாலும் வெள்ளக்காரன் மாதிரி வருமா?" என்று கேட்கிறார்கள். வர வேண்டியதே இல்லை. 1867 இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். ஸ்கொட்லாந்துக்காரர் பேச்சும் லண்டன்காரர் பேச்சும் ஒன்றல்ல. ஆங்கிலம் ஊருக்கு ஊர் மாறும். நம் பேச்சில் மலையகத் தமிழின் வாசனை இருந்தால் அது குறையல்ல. கேட்பவருக்கு விளங்காமல் போவதுதான் குறை.

நமது நாட்டில் தமிழும் அரசகரும மொழி. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதைச் சொல்கிறது. அதே திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. இணைப்பு என்றால் பாலம். பாலத்தில் நடக்கத் தெரிந்தால் போதும், தலை குனிந்து நடக்கத் தேவையில்லை.

ஒரு சொல்லில் எங்கே அழுத்துவது?

தமிழில் ஒரு சொல்லின் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லலாம். 'தேயிலை' என்பதில் 'தே'யை அழுத்தினாலும் 'லை'யை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஆங்கிலம் அப்படியல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட அசையுள்ள சொல்லில் ஓர் அசை கனமாகவும் நீளமாகவும் வரும். மற்றவை மெலிந்து போகும். ஆங்கிலம் பேசிப் பழகிய காது அந்தக் கனமான அசையை வைத்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறது. கனம் இடம் மாறினால் தெரிந்த சொல்லும் தெரியாத சொல்லாகி விடும்.

அசை என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைகள் கேட்கலாம். சொல்லைச் சொல்லிக்கொண்டே கை தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கு வரும் துண்டு ஓர் அசை. நமக்குப் பழக்கமான சில சொற்களைப் பார்ப்போம்.

முதல் அசையில் அழுத்தம்:
டொக்டர் – 'டொக்' கனம்.
மெனேஜர் – 'மெ' கனம்.
ஹொஸ்பிட்டல் – 'ஹொஸ்' கனம்.
எம்பியுலன்ஸ் – 'எம்' கனம்.
இன்டர்வியூ – 'இன்' கனம்.

இரண்டாம் அசையில் அழுத்தம்:
எஸ்டேட் – 'டேட்' கனம்.
ஹொடெல் – 'டெல்' கனம்.
சிலோன் – 'லோன்' கனம்.
டொமாட்டோ – 'மா' கனம்.
சேட்டிஃபிகட் – 'டி' கனம்.

'ஹோட்டல்' என்று நாம் தமிழில் சொல்லும்போது 'ஹோ'வை நீட்டுகிறோம். ஆங்கிலத்தில் கனம் பின்னால் இருக்கிறது. அந்தத் தங்கச்சி நேர்முகப் பரீட்சையில் தடுக்கிய முதல் சொல்லே இதுதான்.

பதினைந்தா, ஐம்பதா?

இது உயிர் சம்பந்தப்பட்ட விசயம். ஆகவே தனியாகச் சொல்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது ஆங்கிலத்தில் அளவு சொல்கிறார்கள் என்று வையுங்கள். ஃபிஃப்டீன் என்றால் 15. ஃபிஃப்டி என்றால் 50. சரியாகக் கேட்காவிட்டால் மூன்று மடங்குக்கும் மேல் மருந்து போய்விடும். கொழுந்து நிறுக்கும் இடத்திலும் சம்பளக் கணக்கிலும் இதே குழப்பம்தான்.

13, 14, 15, 16, 17, 18, 19 ஆகிய எண்களில் கடைசி 'டீன்' நெடிலாக, கனமாக, 'ன்' என்று மூடி முடியும். 30, 40, 50, 60, 70, 80, 90 ஆகியவற்றில் முதற்பகுதி கனம். கடைசி 'டி' குறிலாக விழும். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள்: "வன் ஃபைவ்? ஓர் ஃபைவ் சீரோ?" எழுதிக் காட்டச் சொல்லியும் கேட்கலாம். இப்படிக் கேட்பவரை யாரும் தெரியாதவர் என்று நினைக்க மாட்டார்கள், கவனமானவர் என்றுதான் நினைப்பார்கள்.

சொல்லின் தலையும் வாலும்

லயன், பெரட்டு, கிளாக்கர், இஸ்டோர் என்று நம் முன்னோர் ஆங்கிலச் சொற்களை எடுத்துத் தமிழ் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அவை இப்போது நம்முடைய சொற்கள். தமிழ் பேசும்போது அப்படியே பேசுவோம். ஆங்கிலம் பேசும்போது மட்டும் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று: தலையில் வரும் 'இ'. இஸ்கூல், இஸ்டேசன், இஸ்டோர் என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த 'இ' இல்லை. பாம்பு சீறுவது போல 'ஸ்ஸ்ஸ்' என்று தொடங்கி, அப்படியே 'கூல்' என்று சேருங்கள். நான்கைந்து தடவை சொன்னால் நாக்கு பழகி விடும்.

இரண்டு: வாலில் வரும் 'உ'. புக்கு, பஸ்சு, லைட்டு, கேட்டு என்று முடிக்கிறோம். தமிழில் வல்லின மெய்யோடு சொல் முடியும் வழக்கம் இல்லை. அதனால் வாய் தானாகவே ஓர் 'உ'வைச் சேர்க்கிறது. ஆங்கிலத்தில் 'புக்' என்று சொல்லி அங்கேயே கதவை மூடி விட வேண்டும்.

மூன்று: வால் அறுந்து போவது. 'ஐ வேர்க்' என்றால் வேலை செய்கிறேன். 'ஐ வேர்க்ட்' என்றால் வேலை செய்தேன். கடைசி 'ட்' விழுந்தால் நீங்கள் அந்த இடத்தில் இன்னும் வேலை செய்கிறீர்களா, விட்டு விட்டீர்களா என்று கேட்பவருக்குத் தெரியாது. வேர்க்ட், ஸ்டொப்ட், க்ளீன்ட் என்பவற்றில் அந்த வால் தனி அசை அல்ல. சொல்லோடு ஒட்டி வரும். மூலச் சொல் ஏற்கெனவே 'ட்' ஓசையில் முடிந்தால் மட்டும் தனி அசையாக வரும்: வொன்டட், நீடட்.

ஓசை நம் வாயிலேயே இருக்கிறது

"அவங்க சொல்ற எழுத்தெல்லாம் தமிழ்ல இல்லியே" என்று சொல்கிறார்கள். எழுத்து இல்லை, ஆனால் பல ஓசைகள் இருக்கின்றன. 'பழம்' என்று சொல்லுங்கள். இப்போது 'அம்பு' என்று சொல்லுங்கள். எழுத்து ஒன்றுதான், ஓசை வேறு. அப்படியே 'கல்' – 'தங்கம்', 'வட்டம்' – 'வண்டி' என்பவற்றையும் சொல்லிப் பாருங்கள். வன்மையான ஓசையும் மென்மையான ஓசையும் இரண்டுமே நம்மிடம் உண்டு. தமிழில் மென்மையானது பெரும்பாலும் சொல்லின் நடுவில் வரும். ஆங்கிலத்தில் அதுவே சொல்லின் தொடக்கத்திலும் வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

குளிசைக்கும் கடைக் கணக்குத் துண்டுக்கும் தமிழில் எழுதினால் 'பில்' என்றுதான் வரும். குளிசை என்றால் 'பழம்' என்பதன் 'ப'. கணக்குத் துண்டு என்றால் 'அம்பு' என்பதன் 'ப'. மெல்லிய கடதாசித் துண்டொன்றை வாய்க்கு முன்னால் பிடியுங்கள். குளிசையைச் சொல்லும்போது காற்றுப் பட்டுக் கடதாசி ஆட வேண்டும். கணக்குத் துண்டைச் சொல்லும்போது அவ்வளவாக ஆடக்கூடாது.

புதிதாகப் பழக வேண்டியவை சிலவே. கோப்பியை ஆங்கிலத்தில் 'கொஃபி' என்னும்போது மேற்பல் கீழுதட்டை மெல்லத் தொட்டுக் காற்று வர வேண்டும். 'வெரி வெல்' என்பதில் இரண்டு 'வெ'யும் ஒன்றல்ல. முதலாவதில் மேற்பல் கீழுதட்டைத் தொடும். இரண்டாவதில் பல் படாது, விசில் அடிப்பது போல உதடு குவியும். விலைக்கும் பரிசுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் இரண்டையும் நாம் 'ப்ரைஸ்' என்றே எழுதுகிறோம். விலையின் முடிவு பாம்பின் சீறல். பரிசின் முடிவு தேனீயின் ரீங்காரம். தொண்டையில் விரலை வைத்தால் தேனீ ஓசையில் அதிர்வு தெரியும்.

ஒரு விசயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். குறில் நெடில் நமக்கு அரிச்சுவடியிலேயே வந்து விட்டது. 'ஐ லிவ் ஹியர்' என்றால் இங்கே வசிக்கிறேன். 'லிவ்' நெடிலாகி 'லீவ்' ஆனால் விட்டுப் போவது. இந்த வித்தியாசம் பல நாட்டு மாணவருக்குச் சிரமம். நமக்குச் சுலபம்.

இரண்டு இலையும் ஒரு மொட்டும்

இனி வசனத்துக்கு வருவோம். கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. செடியில் எத்தனையோ இலை இருந்தாலும் விரல் தேடிப் போவது இரண்டு இலையையும் ஒரு மொட்டையும்தான். வசனத்திலும் முக்கியமான சொற்களைத் தேடி அழுத்த வேண்டும்.

'ஐ வென்ட் டு த ஹொஸ்பிட்டல் வித் மை மதர்.' இதில் கொழுந்து எவை? வென்ட், ஹொஸ்பிட்டல், மதர். இந்த மூன்றையும் கேட்டாலே விசயம் விளங்கி விடும். மற்றச் சொற்களை விட்டு விடச் சொல்லவில்லை. அவற்றை மெல்ல, சுருக்கி, பக்கத்துச் சொல்லோடு ஒட்டிச் சொல்ல வேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. 'ஆஸ்பத்திரிக்கு' என்கிறோம். யாராவது 'ஆஸ்பத்திரி' என்று சொல்லி நிறுத்தி, பிறகு '-க்கு' என்று அழுத்துகிறோமா? இல்லை. ஆங்கிலத்தின் 'டு' நம்முடைய '-க்கு'. 'வித்' நம்முடைய '-ஓடு'. 'இன்' நம்முடைய '-இல்'. அவர்கள் அதை முன்னால் வைக்கிறார்கள், நாம் பின்னால் வைக்கிறோம். இரண்டும் ஒட்டிக்கொண்டு வர வேண்டிய சின்னத் துண்டுகள்.

தான், ஆ, ங்க

உணர்ச்சியோடு பேசுவது எப்படி என்று மேல்வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். நாம் தமிழில் 'தான்', 'ஆ', 'ங்க' போட்டு உணர்த்தும் பல விசயங்களை ஆங்கிலம் குரலில் வைத்திருக்கிறது. இதுதான் முக்கியமான இரகசியம்.

'தான்' எங்கே இருக்கிறது? 'ஐ ப்ளக்ட் ட்வென்டி கிலோஸ் டுடே' என்ற வசனத்தைப் பாருங்கள். இன்று இருபது கிலோ பறித்தேன் என்று பொருள். 'ஐ' என்பதை அழுத்தினால், நான்தான் பறித்தேன், வேறு ஆள் அல்ல. 'ட்வென்டி'யை அழுத்தினால், இருபதுதான், பதினெட்டு அல்ல. 'டுடே'யை அழுத்தினால், இன்றைக்குத்தான், நேற்று அல்ல. சொல் ஒன்றும் மாறவில்லை. கனம்தான் இடம் மாறியது. கணக்குக் குறைந்து போன நாளில் எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்று தெரிந்தவர், சத்தம் போடாமலே தன் நியாயத்தைச் சொல்லி விடுவார்.

'ஆ' எங்கே இருக்கிறது? 'டொக்டர் இருக்கிறாரா?' என்பதில் கடைசி 'ஆ'தான் கேள்வி. 'இஸ் த டொக்டர் இன்?' என்னும்போது கடைசியில் குரல் மேலே ஏற வேண்டும். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளுக்கு இப்படிக் குரல் ஏறும். 'வெயார் இஸ் த வோர்ட்?' போல எங்கே, எப்போது, ஏன் என்று கேட்கும் கேள்விகளில் பெரும்பாலும் குரல் இறங்கி முடியும்.

'ங்க' எங்கே இருக்கிறது? தமிழில் 'கொடு' வேறு, 'கொடுங்க' வேறு. ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒரே சொல்தான் சின்னவருக்கும் பெரியவருக்கும். அதனால் மரியாதையைச் சொல்லிலும் குரலிலும் வேறு வழியில் சேர்க்க வேண்டும். 'கிவ் மீ த ஃபோர்ம்' என்று தட்டையாகச் சொன்னால் அதிகாரம் போலக் கேட்கும். நாம் அப்படி நினைத்திருக்கவே மாட்டோம். 'குட் யூ கிவ் மீ த ஃபோர்ம், ப்ளீஸ்?' என்று கடைசியில் குரலைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னால் அதுதான் 'கொடுங்க'.

மூச்சு விடுங்கள்

வேகமாகப் பேசினால்தான் நன்றாகத் தெரியும் என்று நினைப்பார்கள் எனப் பலர் ஓடுகிறார்கள். மலைப் பாதையில் சுமையோடு ஏறுபவர் ஓடுவதில்லை. அளவாக வைத்து, நின்று நின்று ஏறுகிறார். பேச்சும் அப்படித்தான். கீழே சாய்கோடு போட்ட இடங்களில் நிறுத்தி மூச்சு எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

குட் மோர்னிங், மேடம். / ஐ ஸ்டடிட் அப் டு ஓ லெவல். / ஐ கேன் ஸ்பீக் தமிழ் / அன்ட் சிங்கள. / ஐ ஏம் லேர்னிங் இங்கிலிஷ். / ஐ லைக் டு வேர்க் வித் பீப்பிள்.

நிறுத்துவது தடுமாற்றம் அல்ல. கேட்பவருக்கு நாம் கொடுக்கும் நேரம் அது.

'பார்டன்' என்றால் பயப்படாதீர்கள்

'பார்டன்' என்றால் 'உனக்குத் தெரியாது' என்று பொருளல்ல. 'எனக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்' என்றுதான் பொருள். அப்போது வாயை மூடி விடாதீர்கள். அதே வேகத்தில் திரும்பவும் சொல்லாதீர்கள். ஒரு மூச்சு எடுத்து, கொழுந்துச் சொல்லை அழுத்தி, மெதுவாகச் சொல்லுங்கள். அதற்கும் விளங்காவிட்டால் வேறு சொல்லால் சொல்லுங்கள். மற்றவர் பேசுவது நமக்கு விளங்காவிட்டால் நாமும் கேட்கலாம்: 'குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?'

வீட்டுப் பயிற்சி

1. வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ஆங்கிலச் செய்தியை ஐந்து நிமிடம் கேளுங்கள். பொருள் முழுதும் விளங்க வேண்டியதில்லை. எந்தச் சொல் கனமாக விழுகிறது என்று மட்டும் பார்த்து, அங்கே விரலால் தட்டுங்கள்.

2. வாசிப்பவர் ஒரு வசனம் சொன்னதும் அவர் குரல் ஏறி இறங்கியபடியே நீங்களும் சொல்லுங்கள். சொல் விட்டுப் போனாலும் பரவாயில்லை, ராகம் விட்டுப் போகக்கூடாது.

3. கைத்தொலைபேசி இருந்தால் உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு கிழமை கழித்துத் திரும்பப் பதிவு செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. ஒருவர் 15, 50, 16, 60 என்று மாற்றி மாற்றி ஆங்கிலத்தில் சொல்ல, மற்றவர் பார்க்காமல் எழுதட்டும். பிள்ளைகள் அம்மா அப்பாவோடு சேர்ந்து இதை விளையாட்டாகச் செய்யலாம்.

5. 'ஐ டிட் நொட் டேக் ஹிஸ் பேக்' என்ற வசனத்தில் 'ஐ', 'டேக்', 'ஹிஸ்', 'பேக்' ஒவ்வொன்றையும் தனித்தனியாக அழுத்துங்கள். நான்கு தடவையும் பொருள் எப்படி மாறுகிறது என்று தமிழில் எழுதி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டில் சத்தமாக ஆங்கிலம் பேசிப் பழகும்போது சிரிக்காதீர்கள். "பெரிய தொர ஆயிட்டாரு" என்று கேலி பண்ணாதீர்கள். காம்பராவில் கேலி கேட்ட வாய் வெளியே போய்த் திறக்காது.

அந்தத் தங்கச்சியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இரண்டு மாதம் இப்படிப் பழகினார். பிறகு வேறோர் இடத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனார். அங்கேயும் ஒரு தடவை 'பார்டன்' என்று கேட்டிருக்கிறார்கள். "என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டோம்.

"மூச்சு எடுத்தேன் சேர். பொறவு மெதுவா, எங்க அழுத்தணுமோ அங்க அழுத்திச் சொன்னேன். அவங்க தலைய ஆட்டிட்டு அடுத்த கேள்வி கேட்டாங்க" என்றார்.

அந்த வேலையின் முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த கேள்வி வரைக்கும் அவர் போய்விட்டார். முதல் தடவை வாசலில் நின்று அழுத பிள்ளை இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு 'ஸ்ஸ்ஸ்கூல்' சொல்லிக் கொடுக்கிறார்.

அடுத்த இதழில் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசுவது பற்றிப் பார்ப்போம். அதுவரை தினமும் ஐந்து நிமிடம், வாயைத் திறந்து, சத்தமாகப் பழகுங்கள்.